பழுதுப் புத்தகம்

மார்ச் ஏழு. இடது பாய்லரில் குழாய் இரண்டு ஒழுகல்.
ஆப்பு அடித்தது. சரி.
மே. கண்டென்சருக்குள் நுங்கு நுங்காய்ச் சொறி,
வாளியில் அள்ளினோம்.
ஜூன். கச்சான். பேரிங் சூடேறி
சீனி உதுமான் உள்ளங்கை வெந்தது.
கைக்குப் பத்தி கிடையாது இந்தப் புத்தகத்தில்.

தனுஷ்கோடியில் ரயில் விட்ட தபாலை
தலைமன்னாரில் ரயில் வாங்கும்வரை
நடுவில் நாங்கள்தான் தண்டவாளம்.

நவம்பர் பதினொன்று. வாடை.
ஈரக்கரி புகைந்ததே தவிர எரியவில்லை.
அழுத்தம் எண்பது. அறுபது. நாற்பது.
முள் இறங்கும்போது சத்தமே இல்லை.
மிக்கேல் பிச்சை மூட்டைகளைப் பார்த்தார்:
நாற்பது சாக்கு, காய்ந்த காகிதம்.
தபால் காவல் வரதராஜுலு ஏறி உட்கார்ந்துகொண்டார்
அடைக்கோழி மாதிரி.
"தோட்டத்துக்குப் போற கடுதாசி, பிச்சை.
எவனுக்கோ பிள்ளை பிறந்திருக்கும்."

கோடரி எடுத்தோம்.
முதல் வகுப்பின் தேக்கு நாற்காலிகள்
மெருகெண்ணெய் வாசத்தோடு
நன்றாகவே எரிந்தன.
நாற்பது நிமிடம் தாமதம், அவ்வளவுதான்.

பதிவு:
நாற்காலி பதினான்கு, கழிவு.
காரணம், கரையான்.

மதராசிலிருந்து வந்த ஆய்வாளர்
அந்த வரியை இரண்டு தரம் படித்தார்.
சுற்றிலும் உப்புத் தண்ணீரைப் பார்த்தார்.
உதுமானின் கையையும்.
பேனாவைத் திறந்தார்.