காப்புக்கு முன்

உரிமம் வந்துவிட்டது.
கான்சாஸ் மாநில முத்திரையோடு
கண்ணாடிச் சட்டத்துக்குள்,
தீவனக் கடைக்காரன் கொடுத்த காலண்டருக்குப் பக்கத்தில்
கொஞ்சம் கோணலாகத் தொங்குகிறது.

ரொவீனா வோபாட்
பதினெட்டு வருஷம் தானியக் கிடங்கில்
எடைமேடை பார்த்தவள்.
லாரி ஏறும்போதே சொல்லிவிடுவாள்
யாருடைய கோதுமை, எவ்வளவு ஈரம்,
ஓட்டுகிறவன் வீட்டில் நேற்று சண்டையா என்பதுவரை.
ஐம்பத்தொரு வயதில் பரீட்சை எழுதி
மூன்று மதிப்பெண்ணில் தப்பித்தாள்.

விற்கலாம் என்று அரசு சொல்லிவிட்டது.
எதை விற்க?
இவள் எங்கள் ஆள் என்று
ஏதாவது ஒரு கம்பெனி
தன் ஏட்டில் பெயர் ஏற்ற வேண்டும்.
அதுவரை அவள்
துடைத்து வைத்த மேஜைக்குப் பின்னால்
துடைத்து வைத்த இன்னொரு சாமான்.

நூல் தொடங்குமுன்
காப்புச் செய்யுள் பாடுவார்கள் நம் புலவர்கள்.
அவளுக்கு வாய்த்த காப்பு
பதினான்கு பக்க விண்ணப்பம்.
ஒன்பதாம் கேள்வி:
எப்போதாவது திவாலானதுண்டா?
ஆம். இல்லை.
இரண்டு கட்டங்கள்,
ஒரு கோதுமை மணியை வைத்தால் மறைந்துபோகும்.

ஆம் என்றாள்.
விளக்கக் கடிதம் அனுப்பவும் என்றது
கையெழுத்தில்லாத மின்னஞ்சல்.

முதல் தாளில் வங்கியைத் திட்டியிருந்தாள்.
இரண்டாவதில் புருஷன் வெர்லினை.
மூன்றாவதில் யாரையும் திட்டாததால்
எழுத ஒன்றும் இல்லாமல் போயிற்று.
கடைசியில் போனது நான்கே வரி:
கடன் இருந்தது. பட்டறை போனது.
வெல்டிங் மிஷினையும் ஜாக்கிகளையும்
பனி பெய்த ஒரு சனிக்கிழமை ஏலம் விட்டார்கள்.
வந்தவர்களுக்கு நான்தான் காபி போட்டேன்.

பதில் இல்லை.
மே கடைசி. கதிர் கனத்துத் தலை சாய்த்துவிட்டது.
ஆலங்கட்டி வரும் என்கிறது ரேடியோ.

க்ளீட்டஸ் ஹெர்ட்ஸல்
பிக்கப்பின் பானெட் மேலேயே வைத்து
செக் எழுதி நீட்டினான்.
'தேதியை நீயே போட்டுக்கோ.'
நான்காய் மடித்து
அவன் சட்டைப்பையிலேயே திணித்தாள்.
'என் பேர் இன்னும் அங்கே ஏறலை, க்ளீட்டஸ்.
இன்னைக்கு நான் வித்தா
அது பாலிசி இல்லை, வெறும் பேச்சு.
எதிர்க்கடை லோவல்கிட்டே போ.'
'லோவல் வாயை யார் கேக்கறது' என்றான்.
போகவில்லை.

அன்றிரவு
இரண்டு மைல் தள்ளி நிற்கும் நூற்றறுபது ஏக்கரைப்
படுக்கையிலிருந்தே
காதால் காவல் காத்தாள்.

இரண்டரைக்குக் கொட்டியது.
எலுமிச்சங்காய் அளவு.
கோடு போட்டதுபோல்
மண்சாலை வரை வந்து நின்றுவிட்டது.
சாலைக்கு வடக்கே
உரலில் இடித்த மாதிரி கிடந்தது எல்லாம்.
தெற்கே க்ளீட்டஸின் கதிர்கள்
குளித்துவிட்டு நின்றன.

நியமனம் வெள்ளிக்கிழமை வந்தது.
ஒரே வரி,
நல்வரவு என்று ஆச்சரியக்குறி வைத்து.
க்ளீட்டஸுக்குப் போன் போட்டாள்.
'இந்த வருஷத்துக் கட்டிதான்
பெஞ்சு முடிஞ்சிருச்சே' என்று சிரித்தான்.
அவளும் சிரித்தாள்,
போனை வைக்கும்வரை.

திங்கள் காலை கதவைத் தள்ளிக்கொண்டு
வடக்குப் பக்கத்து இமெல்டா ட்ரெய்லிங் வந்தாள்.
பூட்ஸில் சேறு, சேற்றில் கோதுமைத் தாள்.
அழித்துவிட்டுச் சோளம் விதைக்கப் போகிறாளாம்.
'இதுக்காவது போட்டு வை.'

விண்ணப்பத்தில் பாதி தாண்டியதும்
பேனா நின்றது.
இதற்கு முன் நஷ்டம் ஏற்பட்டதுண்டா?
ஆம். இல்லை.
அதே சின்னக் கட்டங்கள்.

ரொவீனா நாற்காலியை இழுத்து
மேஜைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.
'ஆம்னு போடு.
கடிதம் கேப்பாங்க.
முதல் மூணு தாள் வீணாப் போகும், போகட்டும்.
இரு,
காபி போடறேன்.'