கணக்கில் வராத வெள்ளம்

நாளுக்கு அறுநூறு ரூபாய், மதியச் சாப்பாடு தனி.
வேலை இதுதான்:
அவர்கள் கேட்பதைத் தமிழாக்குவது,
இவர்கள் சொல்வதை ஆங்கிலமாக்குவது.
நாகர்கோவிலிலிருந்து ஜீப்பில் போனோம்
சவேரியார்விளைக்கு.
கொடுத்த பணம் என்ன ஆயிற்றென்று பார்க்க
கடல் தாண்டி வந்த ஹெல்கே,
சென்னையிலிருந்து வந்த உதவியாளர்,
நான்,
எழுபத்திரண்டு கேள்விகள்.

முதல் வீட்டிலேயே தடுக்கியது.
"வெள்ளம் ராத்திரி ரெண்டு மணிக்கு வரும்.
வந்தா முக்கா மணிக்கூர் நிக்கும்" என்றார் கிளாரிபாய்.
உதவியாளர் பதறிப்போய்
'இரவில் வெள்ள அபாயம்' என்று குறித்துக்கொண்டார்.
இங்கே குடிப்பது வெள்ளம், குளிப்பது வெள்ளம்,
கஞ்சியில் தெளிந்து நிற்பதும் வெள்ளம் என்று சொல்லி
அடிக்க வைத்தேன்.
அடித்த இடத்தில் 'நீர்' என்று எழுதினார்.
கொஞ்சம் வற்றினாற்போல் இருந்தது.

நூற்றுப் பதினான்கு கழிவறைகள்.
கதவு உண்டா, உண்டு.
பீங்கான் உண்டா, உண்டு.
பயன்படுத்துகிறீர்களா என்றால்
எல்லாரும் ஆம் என்றார்கள்,
கொஞ்சம் சீக்கிரமாகவே.
பெர்க்மான்ஸ் மட்டும் குழிமூடியைக் காலால் தட்டிக் காட்டினார்.
"ஆறடி தோண்டுனா கடலு வந்து நிக்கும்.
பிளான் வரஞ்சவரு மலையில உள்ள ஆளாக்கும்.
இதுக்கும் கிணத்துக்கும் எட்டடி."
படிவத்தில் தூரத்துக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: எட்டு.

பிறகு தொட்டி, மீட்டர், பெருக்கல், வகுத்தல்.
நூறு புறப்பட்டால்
அறுபத்தொன்பதுதான் குழாய்களில் வந்து சேருகிறது.
மீதி முப்பத்தொன்று?
வெயிலில் மூக்கு சிவக்க
ஹெல்கே மண்ணில் மண்டியிட்டு
பொருத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.
எல்லாம் காய்ந்திருந்தன.

கமிட்டிப் பொருளாளர் ஜெனோவாமேரியிடம்
சந்தா நோட்டு இருந்தது.
எழுத்தில் பிழை உண்டு, கூட்டலில் இல்லை.
தொட்டியின் நிழலுக்கு என்னைத் தனியே இழுத்தார்.
"ரோட்டுக்கு அந்தாண்ட கீழவிளை.
லிஸ்டு எடுத்த அன்னிக்கு
அவியளுக்க கூரையைக் கடல் தொடல்லியாம்,
அதனால திட்டத்தில பேரு இல்ல.
நாங்க பொம்பளையளு சேந்து
ஒரே ராத்திரியில பைப்பு போட்டோம்.
எனக்க காப்பு ரெண்டும் பேங்கில இருக்கு.
அவியளுக்கும் தொண்டை உண்டுல்லா?"

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.
பேனாவைப் பார்த்தார்.

என்ன சொல்கிறார், என்றாள் ஹெல்கே.

அறுநூறு ரூபாய் நினைவுக்கு வந்தது.
பட்டியலுக்கு வெளியே குழாய் போனால்
அடுத்த தவணை கிடையாது என்ற விதியும் வந்தது,
முந்தின நாள் நானே தமிழாக்கியது.
"ஒழுக்காம்" என்றேன் ஆங்கிலத்தில்.

ஒழுக்கு.
அகராதியில் அந்தச் சொல்லுக்குக்
கசிவு என்றும் பொருள், நடத்தை என்றும் பொருள்.
ஆங்கிலத்தில் எனக்கு ஒன்றுதான் கிடைத்தது.

காய்ந்த பொருத்துகளை அவளும் தொட்டவள்தான்.
பேனாவைத் திறந்தாள், மூடினாள்,
திரும்பத் திறந்து எழுதினாள்.

அறிக்கை மார்கழியில் வந்தது.
வழவழப்பான தாள்.
அட்டையில் கிளாரிபாயின் குடம்,
கிளாரிபாய் இல்லை.
பெர்க்மான்ஸின் எட்டு எங்கேயும் இல்லை,
தேடிப் பார்த்துவிட்டேன்.
நாற்பத்தோராம் பக்கத்தில்:
ஒழுக்கை அடைக்க இரண்டு லட்சம் பரிந்துரை.

ஜெனோவாமேரி போன் செய்தார்.
"அந்தப் பைசாக்கு ஒரு மோட்டாரு வாங்கலாமா மக்ளே,
கேட்டுச் சொல்லு.
அந்தப் பக்கம் மேடு, வெள்ளம் ஏறமாட்டேங்கு."

புதன்கிழமை ஆள் வருகிறான்,
ஓட்டை எங்கே என்று பார்க்க.
அவனுக்கும் தமிழ் தெரியாதாம்.
என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.