காய்ந்த எடை

காலையில் முதல் வேலை சிறுநீர்.
இரண்டாவது தராசு.
தேத்தண்ணி அதற்குப் பிறகுதான்.
அறுபத்தேழு தசம் நாலு என்று
கோயில் கலண்டரில், ஏகாதசிக்குப் பக்கத்தில்
பென்சிலால் எழுதுகிறேன்.

லாங்கென்தால் சலவைக்கூடத்தில்
பத்தொன்பது வருடம் மூட்டை நிறுத்தவள் நான்.
ஆஸ்பத்திரி விரிப்புக்கு வரும்போது ஒரு எடை,
உலர்ந்து போகும்போது ஒரு எடை.
நடுவில் காணாமல் போவது
நூலும் இல்லை, துணியும் இல்லை.
அதை நாள்தோறும் கண்டவளுக்குத்
தன் காலில் ஏறியது தெரியவில்லை.

மேஸைக் கழற்றினால் கணுக்காலில் வளையம்.
கொலுசுத் தழும்பு என்று சிரித்தேன்.
விரலால் அமத்தினால்
இடியப்ப மாவில் போலக் குழி விழுந்து
நிரம்ப நேரம் எடுத்தது.
சப்பாத்தை ஓரளவு பெரிதாக வாங்கினேன்.
ஒரு தலையணை இரண்டாச்சு, இரண்டு மூன்றாச்சு.
மாடி ஏறுகையில்
அல்பேனியக்காரியின் கதவடியில் நின்று
அவளுடைய பூச்சட்டியை ரசிப்பதாய் நடித்தேன்.
"வயசு" என்றார் தவபாலன்.
"குளிர்" என்றேன் நான்.

ஒருநாள் இரவு இரண்டரைக்கு,
படுத்தால் மூழ்கினேன், இருந்தால் மிதந்தேன்.
ஜன்னலைத் திறந்து
பனிக்குள் தலையை நீட்டிக்கொண்டு
அம்புலன்ஸ் வரும்வரை நின்றேன்.

'இதயம் செயலிழந்துவிட்டது' என்று
மொழிபெயர்க்க வந்த பிள்ளை சொல்லிப்போட்டுத்
தானே அழுதாள்.
செயலிழந்திருந்தால்
இதை யார் கேட்டுக்கொண்டிருப்பது?
தாதி வூட்ரிஹ் தாளில் கீறிக் காட்டினா.
நிற்கவில்லை, களைத்துவிட்டது.
வந்ததை எல்லாம் முன்னால் தள்ள முடியாமல்
பின்னால் தேங்குகிறது.

அது விளங்கியது இந்த ஊரால்.
நடைபாதை ஏன் இவ்வளவு உயரம் என்று
வந்த புதிதில் கேட்டிருக்கிறேன்.
லாங்கெட்டே ஆறு தாங்காத நாளில்
தண்ணீரை நடுத்தெருவால் விடுவார்கள்.
ஒருமுறை கண்ணால் கண்டேன்.
கடைக்காரர் படியில் நின்று சிகரெட் பற்ற
அவர் காலடியில் ஆறு போனது.
பிறகு நிலத்துக்கடியில் சுரங்கம் வெட்டினார்கள்.
என் சுரங்கம் ஒரு வெள்ளைக் குளிசை.
பத்து மணிக்குள் நாலு தரம் ஓடவைக்கும்.

ஆனால் மழை எங்கே பெய்தது?
நாற்பத்தொரு வயதில் பிரஷர் என்றார்கள்.
தலைச்சுற்றா? இல்லை. நோவா? இல்லை.
நோகாத வருத்தத்துக்கு எதற்குக் குளிசை?
பெட்டி முடிந்தது. நான் திரும்பிப் போகவில்லை.
பதினாறு வருடம்
இறுகிய கதவைத் தோளால் தள்ளித் தள்ளி
ஒரு சொல் முறையிடாமல்
தடித்துப்போனது என் நெஞ்சு.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
என் இரத்தம் நினைத்தது.
ஊறுகாயை, மோர்மிளகாயை, கருவாட்டை,
இரவு வேலையில் சுடுதண்ணீர் ஊற்றிக் குடித்த
பைக்கற் சூப்பை,
கிராம் பிசகாமல் நினைத்தது.
இப்போது தவபாலன் தேசிக்காய் பிழிகிறார்.
கறியை ருசி பார்த்து முகம் சுளித்து
"நல்லாயிருக்கு" என்கிறார்.
அந்தப் பொய் இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்று அறுபத்தொன்பது தசம் ஆறு.
முந்தநாள் கலியாண வீடு.
அப்பளம், வடை, பிறகு இன்னொரு அப்பளம்.
சதை மூன்று நாளில் இரண்டு கிலோ போடாது,
சலவைக்காரிக்குத் தெரியும்.
நாளைக்குப் பார்ப்பம் என்று
பழைய வாய் சொல்கிறது.
பென்சிலை வைத்துவிட்டுப் போனை எடுக்கிறேன்.
தெரிந்த ஜெர்மனில் சொல்கிறேன்:
"நான் மங்களேஸ்வரி.
நான் ஈரமாய் இருக்கிறேன்."

வூட்ரிஹ் சிரிக்கவில்லை.
"எத்தனை கிலோ?" என்கிறா.