இடது பின்காம்பு

பால் நிறுவனக் கடிதத்தில் ஓர் எண் மட்டும் சிவப்பு:
செல் எண்ணிக்கை, நான்கு லட்சத்துச் சொச்சம்.
"கிழடு நாற்பத்தொன்றுதான்" என்கிறார் வித்ஸே.
வெள்ளிக்கிழமைக்கு லாரி சொல்லியாயிற்று.

ஃப்ரீஸ்லாந்தில் விடியாத ஐந்து மணி.
கையுறை கழற்றினால் விரல் மரத்துப்போகிறது.

நாலு குழித் தட்டு.
குழிக்கு இரண்டு பீச்சு,
அதே அளவு ஊதா மருந்து.
சுழற்றுகிறேன்,
பத்து எண்ணும்வரை.

நாற்பத்தொன்று: நான்கிலும் தண்ணீராய் ஓடுகிறது.
இன்னொரு முறை செய்யச் சொல்கிறார்.
இன்னொரு முறையும் ஓடுகிறது.

வரிசையாக வந்து, பௌக்யே.
கண்காட்சியில் வாங்கிய நாடா
இன்னும் கதவில் தொங்குகிறது.
மடியில் சூடில்லை, வீக்கமில்லை,
பாலில் திப்பியில்லை,
அசைபோடுவதில்கூட ஒரு குறையுமில்லை.
மூன்று குழி ஓடின.
நான்காவது, இடது பின்காம்பு,
தயங்கி
நடுவில் குவிந்து
வெண்கருவாய் எழுந்து நின்றது.
சாய்த்தேன்.
மொத்தமாய் வழுக்கி விழுந்தது.

வித்ஸே எதுவும் பேசவில்லை.
அதன் காலில் சிவப்புப் பட்டை கட்டினார்,
முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்து.
பிறகு லாரிக்காரர் எண்ணைத் தேடிச்
சட்டைப்பை முழுக்கத் தடவினார்.

நாற்பத்தொன்று
என் மேலங்கி நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது.