பாலத்தின் நடுவில்

இரவு ஏழிலிருந்து காலை ஏழுவரை
பாயான் லெப்பாஸில், நுண்ணோக்கிக்குக் கீழே
நகக்கண் அளவு சில்லுகளில்
பழுது தேடுவது என் வேலை.
கீறலா, ஒரு குறி.
தூசியா, ஒரு குறி.
எதையும் லேசில் நல்லதென்று ஒப்புக்கொள்ளாமல் இருப்பதற்கு
மாதம் இரண்டாயிரத்து நூறு ரிங்கிட்,
ஓ.டி. தனி.

ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ்.
கண் மூடும். தேடுவது மூடாது.
பெரியவனின் கணக்குத் தாளில் ஒரு கீறல்.
அவர் நேற்றுச் சொன்ன "சரி"யில் ஒரு தூசி.
வாஷிங் மெஷின் தவணை.
பதினான்கு வருஷத்துக்கு முன்
ஆஸ்பத்திரி லிஃப்ட் வாசலில்
தங்கச்சி ஞானசெல்வியிடம் நான் கேட்ட கேள்வி,
"அப்பாவுக்கு நீ என்னடி செஞ்சே?"
இன்னும் பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கிறது.

செபராங் ஜெயா கிளினிக்கில்
கையிலிருந்த பிரஷர் பட்டையை அவிழ்த்துக்கொண்டே
"நல்லா தூங்குங்க" என்றார் டாக்டர்,
கடையில் கிடைக்கும் என்பதுபோல.

சியூ லிங்தான் கூட்டிப்போனாள்.
புலாவ் திக்குஸ், இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடி,
பதினோரு பேர், ஒரு காற்றாடி.
மூச்சைக் கவனியுங்கள் என்றார்கள்.
கவனிப்பதா, எனக்கா சொல்கிறீர்கள்?
உட்கார்ந்தேன்.
மூன்றாவது மூச்சு குட்டை. தள்ளு.
ஐந்தாவதில் விக்கல் மாதிரி ஏதோ. தள்ளு.
எட்டாவது பரவாயில்லை, அதற்குள்
மீன் வாங்கவேண்டும் என்று வந்துவிட்டது.
இருபது நிமிட முடிவில்
தேறிய மூச்சு ஒன்றுகூட இல்லை.

இரண்டு ஞாயிறு போனேன். மூன்றாவது ஞாயிறு ஓ.டி.
மிச்சத்தை பஸ்ஸில் வைத்துக்கொண்டேன்.

பாலம் ஏறியதும் சக்கரத்தின் சத்தம் மாறும்,
அங்கே தொடங்குவேன்.
பத்துவரை எண்ணி ஒன்றுக்குத் திரும்பவேண்டும்.
நான்கில் காணாமல் போவேன்.
சில நாள் முப்பத்தேழில் முழிப்பு வரும்,
பத்தைத் தாண்டிப் போனது யார் என்று தெரியாது.
பின் இருக்கையில் நேபாளத்துப் பையனின் குறட்டை,
ரேடியோவில் பெட்ரோல் விலை,
யாரோ பிரித்த நாசி லெமாக்கின் சம்பல் வாசம்,
எல்லாவற்றுக்கும் குறி போட்டேன்.
எரிச்சலுக்கு ஒரு குறி.
குறி போட்டதற்கும் ஒன்று.

எட்டு மாதம்.

அன்றைக்கு முன்னால் ஏதோ லாரி கவிழ்ந்து
பஸ் நடுப்பாலத்தில் நின்றுவிட்டது.
பாங் ஸைட் எஞ்சினை அணைத்தார்.
நின்ற பிறகுதான் தெரிந்தது, பாலம் ஆடுகிறது.
தினமும் இதன்மேல்தான் போகிறேன்;
எதிர்ப்பக்கம் கனரக வண்டி போகும்போதெல்லாம்
கீழிருந்து மெல்லத் தூக்கி, இறக்குகிறது.
ஏற்றம். இறக்கம்.
எண்ண மறந்துவிட்டேன்.

அப்போது லிஃப்ட் கதவு திறந்தது.
வழக்கம்போல செல்வி.
வழக்கம்போல என் வாய் திறக்கிறது.
கை குறி போடப் போகவில்லை. ஏனென்று தெரியாது.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அவளுடைய கசங்கிய சுடிதார்,
மருந்துச் சீட்டு மடித்த விரல்,
காதில்
கம்மல் இருந்த துளையில்
ஒரு விளக்குமாற்றுக் குச்சி.

பதினான்கு வருஷம் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள்.
பஸ் நகர்ந்தது. ஒன்று, என்று ஆரம்பித்தேன்.
இரண்டு வந்ததா என்று நினைவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்தேன்.
எழுந்தபோது மத்தியானம் மணி மூன்று.
மீன் வாங்கவில்லை.
செல்விக்கு போன் அடித்தேன்.
"என்னக்கா இந்நேரத்துல?"
சொல்ல வந்தது தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது.
அங்கே மீன் என்ன விலை என்று கேட்டேன்.
தைப்பிங்கில் கெம்போங் கிலோ பதினெட்டாம்.
அதிகம்தான் என்றேன்.
அதிகம்தான் என்றாள்.
இருவரும் போனை வைக்கவில்லை.