ஒரு பாகை

பிளஃப் குன்றின் மேல் பேருந்து நின்றதும்
எங்களை எதிர்கொண்டவை குரங்குகள்.
சஷெனின் ரொட்டியும் பீன்ஸ் கறியும்
போர் தொடங்குமுன்பே பறிபோயின.

காலையில் மூட்டை கட்டினோம்.
மீலி மாவு வந்த சாக்கு, கடற்கரை மணல்,
ஆளுக்கொரு கொத்துக்கரண்டி.
பதினேழு மூட்டை அடுக்கியும்
சுவர் என் முழங்காலுக்குத்தான் வந்தது.
"குண்டு விழுந்தா இப்படிப் படுக்கணும்" என்று
நொம்பூசோ குப்புறப் படுத்துக் காட்டினாள்.
எழுந்தபோது சீருடையிலிருந்து
இன்னொரு மூட்டைக்கான மணல் உதிர்ந்தது.

பிறகு பீரங்கி மேடை.
பீரங்கி இல்லை.
சிமெண்ட்டில் ஒரு வட்டம், துருவேறிய திருகாணிகள்,
நடுவில் தேங்கிய மழைநீரில் தலைப்பிரட்டைகள்.
வராத கப்பலுக்காக
இரவிரவாகக் கண் விழித்த இடமாம்.

பயிற்சித்தாள், மூன்றாம் பக்கம்: தூரம் காண்க.
நூறு மீட்டர் கயிறு. இந்த முனையில் நான்,
அந்த முனையில் யுகேஷ்னி.
ஆளுக்கொரு முக்காலி, அதன்மேல் கோணமானி,
அதில் சுழலும் ஓர் உறிஞ்சுகுழல்.
துறைமுகத்துக்கு வெளியே
நங்கூரமிட்டு முறைக்குக் காத்திருந்த சிவப்புக் கப்பலை
எதிரி என்று வைத்துக்கொண்டோம்.

என் பக்கம் தொண்ணூறு.
அவள் பக்கம் எண்பத்தெட்டு.
கால்குலேட்டரைத் தட்டிவிட்டு சஷென் கத்தினான்:
"ரெண்டாயிரத்து எண்ணூத்து அறுபத்துநாலு! சுடு!"
எல்லாரும் சுட்டோம், வாயால்.
இரண்டாம் முறை அளந்தபோதும் அதே எண்.
அதே வெடிச்சத்தம்.

மூன்றாம் முறைக்குமுன் தொலைநோக்கி கைமாறி வந்தது.
கப்பலின் தளத்தில் ஒருவன்
மஞ்சள் சட்டையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.
காற்று அதைச் சுருட்டியது.
பிரித்து மறுபடி போட்டான்.
மறுபடி சுருட்டியது.
யுகேஷ்னிதான் அதிக நேரம் பார்த்தாள்.
கேட்டும் தரவில்லை.

"எண்பத்தொன்பது" என்றாள் பிறகு.

ஒரு பாகைதான்.
"அய்யாயிரத்து எழுநூத்து இருபத்தொம்பது!
கப்பல் ஓடிப்போச்சு!"
சிரிப்பில் குரங்குகள் கிளை மாறின.
நங்கூரச் சங்கிலி அப்படியே தொங்கியது.
மூட்லி டீச்சர் அந்த எண்ணைச் சிவப்பில் வட்டமிட்டு
'கவனம் போதாது' என்று எழுதினார்.
யுகேஷ்னி தாளை மடித்துப் பையில் வைத்தாள்,
மறுத்து ஒரு வார்த்தை சொல்லாமல்.

கயிற்றைச் சுருட்டுவது என் வேலை.
முழங்கையில் சுற்றிக்கொண்டே
நூறு மீட்டரும் நடந்து அவள் முக்காலிக்கு வந்தேன்.
யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை.
குனிந்து பார்த்தேன்.
எண்பத்தெட்டு.

டீச்சர் சரிபார்க்க வந்துகொண்டிருந்தார்.
தும்முவதுபோல் திரும்பி
உறிஞ்சுகுழலை ஒரு கோடு தள்ளிவைத்தேன்.