மேலிடம்

ஆறு கிலோ டம்பெல்லுக்கு மேலே
கண்ணாடியில் ஒட்டியிருந்தது அறிவித்தல்.
வருகிற மாதத்திலிருந்து
மூவாயிரம் இல்லை, ஏழாயிரத்து ஐந்நூறு.
காரணம் எழுதவில்லை.
கீழே கைகூப்பிய படம் ஒன்று.

கஸ்தூரியார் வீதி, பெயின்ற் கடைக்கு மேல்மாடி.
காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை பெண்களுக்கு.
நாங்கள் நாலு பேர்:
குருநகர் ஜொசிற்றா,
ஆசுப்பத்திரி லாப்பில் இரத்தம் எடுக்கும் சாம்பவி,
கலியாணச் சாறிக்குள் இறங்கவேண்டிய துளசிகா,
இடுப்புத் தட்டு விலகிய நான்.

சைக்கிள் மெசினில் இருந்தபடி
ஜொசிற்றா கணக்குப் போட்டாள்:
"ஞாயிறு பூட்டு, போயா பூட்டு,
கரண்ட் போனால் அதுவும் பூட்டு.
அப்ப ஒரு மூச்சுக்கு எவ்வளவடி?"
சிரித்தோம்.
சிரிக்கும்போது வயிற்றுத் தசை வேலை செய்யுமாம்.
அதற்கு இன்னும் காசில்லை.

கதவடி மேசையில் பிரணவரூபன்.
"தம்பி, எங்களுக்கு ஒரு மணித்தியாலம்தானே.
பாதிக் காசு போடக்கூடாதோ?"
கல்குலேட்டரைப் பார்த்தான். மின்விசிறியைப் பார்த்தான்.
"என்ர முடிவில்லை அக்கா. மேலிடம்."

மேலே தகரக் கூரை.
அதற்கு மேலே காகம்.
அதற்கும் அப்பால், ரொறொன்ரோவில்,
முதல் போட்ட தமையன்.

நான் மறுபேச்சுப் பேசவில்லை.
அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
கூட்டுறவுக் கிராமிய வங்கி, நகை அடைவு, மூன்றாம் யன்னல்.
"வட்டி கூடிற்றோ பிள்ளை?" என்று கேட்கும் எல்லோருக்கும்
பன்னிரண்டு வருடமாக
றிசீற்றோடு சேர்த்து
அதையேதான் நீட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலாம் தேதி, பழக்கத்தில், கதவில் விரலை வைத்தேன்.
மெசினுக்குள் இருக்கும் வெள்ளைக்காரி
திரும்ப முயற்சி செய் என்றாள்.
நோட்டு எண்ணித் தேய்ந்த விரல்.
முன்பும் இரண்டு மூன்று தரம் கேட்பாள்.
அன்றைக்கு ஏழு தரம் வைத்தேன்.

பிறகு வீட்டில்,
ஐந்து லீற்றர் கான் இரண்டில் தண்ணீர் நிரப்பி.
கைபிடி உள்ளங்கையை வெட்டியது.
அவர் தேத்தண்ணியோடு வந்து பார்த்து
"கிணறு இறைக்கலாமே" என்றார்.
போன சித்திரையில்
நான் ஐம்பத்தைந்து கிலோ தூக்கியது
அவருக்குத் தெரியாது.
சாம்பவிக்குத் தெரியும். அவள் கை தட்டினாள்.

நல்லூர்த் திருவிழா தொடங்கின கிழமை,
செவ்வாய், சனமான சனம்.
தொப்பியை முன்னுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு
வரிசையில் பிரணவரூபன்.
மற்ற இரண்டு யன்னலையும் திரும்பத் திரும்பப் பார்த்தான்.
இரண்டும் பூட்டு.
ரிசுவில் சுற்றிய சங்கிலியை உள்ளே தள்ளினான்.

தராசில் வைத்தேன்.
பதினைந்து தசம் எட்டு.
இரண்டு பவுணுக்கு எள்ளளவு குறைவு.

"மெசின் லீசிங்," என்றான், நான் கேட்காமலே.
"கரண்ட் பில். ரெட்மில் ரெண்டும் ஓடேல்லை.
அண்ணா போன் எடுக்கிறேல்லை.
பெண்கள் நேரத்துக்கு இப்ப ஒருத்தரும் வாறேல்லை."
பிறகு, "வட்டி எத்தனை?"
சொன்னேன்.
"போனமுறை இவ்வளவு இல்லையே அக்கா."

"மேலிடம்," என்றேன்.

அண்ணாந்து பார்த்தான்.
எங்களுக்கும் மின்விசிறிதான், அதே மலிவு வகை,
ஒரு சுற்றுக்கு ஒருக்கால் கிறீச்சிடும்.
என் வயிற்றுத் தசை இறுகிற்று.
இரண்டு தரம் எண்ணிக் காசைக் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான்.
"இடுப்பு எப்படி இருக்கு?"
"நோகுது."
"குனியேக்க முழங்காலை மடியுங்கோ," என்றான்.
சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவ்வளவு சனத்துக்கு நடுவில்,
காசைக் காற்சட்டைப் பைக்குள் செருகிவிட்டு
கால்களை அகட்டி, முதுகை நிமிர்த்தி,
அங்கே இல்லாத பாரமொன்றை
நிலத்திலிருந்து எடுத்தான்.
ஒரு கணம் பிடித்திருந்தான்.
"வைக்கேக்கதான் கவனம்," என்று
மெல்ல, மிக மெல்ல, இறக்கினான்.
பின்னால் நின்ற பெரியவர் ஓரடி விலகி இடம் விட்டார்.

அடுத்த இலக்கம் நாற்பத்தொன்று.
கூப்பிட மறந்துபோய் இருந்தேன்.